வலது பாக்கெட்

மார்லோ, மிசௌரி
மார்ச் 12, 2018

டெல்பர்ட்,

உன் மகளுக்குக் கல்யாணம். ஜூன் இரண்டாம் தேதி, சனிக்கிழமை, மதியம் இரண்டு மணிக்கு, நம் மெதடிஸ்ட் சர்ச்சில். மாப்பிள்ளை கோல்பி. போன கிறிஸ்துமஸுக்கு நீ வாசலிலேயே நிறுத்தி, "தம்பி, டயர் மாத்தத் தெரியுமா?" என்று கேட்டாயே, அதே பையன்தான். அவனுக்கு டயர் மாற்றத் தெரியும். நர்சரியில் செடி வளர்க்கிறான் என்பதற்காக அவனைச் செடி என்று நினைத்துக்கொள்ளாதே.

இதைப் போனில் இரண்டு நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். நீதான் அரசாங்கம் ஒட்டுக்கேட்கிறது என்று போனை அணைத்து பிரெட் டப்பாவுக்குள் வைத்திருக்கிறாயே. மோட்டல் மோட்டலாகப் போய் காசு போடும் இயந்திரத்தில் சிப்ஸ் நிரப்புகிறவன் என்ன பேசுகிறான் என்று கேட்க வாஷிங்டனில் ஒரு ஆளைச் சம்பளம் கொடுத்து உட்காரவைத்திருக்கிறார்கள் பாவம். ஆகவே தபால்தலை ஒட்டுகிறேன்.

டெஸ்ஸா உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறாள். அவள் என் சமையலறையில் நின்று சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நானாகச் சேர்த்தேன் என்று நாளைக்குச் சொல்லாதே.

"அம்மா, அப்பாதான் என்னைக் கையப் பிடிச்சு சர்ச்சுக்குள்ள கூட்டிட்டுப் போகணும். வேற யாரும் வேணாம். ஆனா அந்தத் துப்பாக்கி வரக்கூடாது. வண்டியிலயும் கூடாது, பாக்கெட்லயும் கூடாது. வீட்டுல வச்சுட்டு வரணும். ஒரு நாள் போதும்மா."

ஒரு நாள். இருபத்தேழு வயது வரை அவள் உன்னிடம் கேட்டவை ஒரு கையின் விரல்களுக்குள் அடங்கும். உள்ளங்கை அகலத்தில் ஆறு குண்டு போட்ட அந்தப் பொம்மை பெரிதா, இவள் பெரிதா என்று யோசித்து எழுது. யோசிக்க வேண்டியிருக்கிறதே, அதுவே வெட்கக்கேடு.

லவோன்

*

ஏரிக்கரை
மார்ச் 19

லவோன்,

"அன்புள்ள" என்று எழுத உனக்கு மைப் பஞ்சமா? சரி, எனக்கும் அதே பஞ்சம்.

டெஸ்ஸாவுக்குக் கல்யாணம் என்பது சந்தோஷம். அதை அவள் என்னிடம் நேரே வந்து சொல்லியிருக்கலாம். நாற்பது மைல்தான். நான் அவளைக் கடித்துத் தின்றுவிட மாட்டேன்.

முதலில் அதைப் பொம்மை என்று எழுதுவதை நிறுத்து. இரண்டாவது, அது யாரையும் பயமுறுத்த அல்ல. யாருக்கும் தெரியாமல் இருப்பதுதான் அதன் வேலை. இடுப்பில் பெரிதாகக் கட்டிக்கொண்டு மளிகைக்கடையில் உலாத்துகிற கோமாளிகள் வேறு, நான் வேறு. தோல் உறையில் போட்டு வலது பாக்கெட்டில் வைத்தால் பர்ஸ் மாதிரித்தான் தெரியும். அந்தப் பாக்கெட்டில் நான் வேறெதையும் போடுவதில்லை. சாவி கிடையாது, சில்லறை கிடையாது, கைக்குட்டைகூடக் கிடையாது. ஒழுங்கு என்றால் என்ன என்று தெரிந்த மனுஷன் நான்.

மூன்றாவது, அந்த சர்ச்சை யோசித்துப் பார். உள்ளே இருநூறு பேர். வாசல் ஒன்று. பக்கவாட்டுக் கதவு மழைக்காலத்தில் ஊறிப்போய்த் திறக்காது. அத்தனை பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு முன்னால் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். எவனாவது உள்ளே வந்தால் நீ என்ன செய்வாய்? கேக்கை எடுத்து எறிவாயா? உன் கைப்பையில் இருக்கிற மிளகாய் ஸ்பிரே காலாவதியாகி எத்தனை வருடம் என்று பார்த்தாயா? உன்னைப் போன்றவர்கள் கதவைத் திறந்துபோட்டுத் தூங்குகிறீர்கள் என்றால், என்னைப் போன்றவன் ஒருவன் முழித்திருப்பதால்தான்.

டெஸ்ஸா எதைக் கேட்டாலும் செய்வேன். இது அவள் கேட்டதில்லை. நீ கேட்டது.

டெல்பர்ட்

*

மார்லோ
மார்ச் 24

முழித்திருக்கும் டெல்பர்ட்டுக்கு,

யாருக்கும் தெரியாதா? நீ பாக்கெட்டில் என்ன வைத்திருக்கிறாய் என்று தபால்காரருக்குத் தெரியும், வங்கியில் இருக்கிற பெண்ணுக்குத் தெரியும், ஊரில் இருக்கிற நாய்களுக்குத் தெரியும். எந்தக் கதவு திறந்தாலும் உன் வலது கை பேண்டைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பி வரும். இருபத்துநாலு வருடம் உன்கூட உணவகத்துக்குப் போயிருக்கிறேன். சுவரில் முதுகு படுகிற நாற்காலி கிடைக்கும் வரை என்னையும் குழந்தையையும் நிற்கவைப்பாய். பசியில் குழந்தை சிணுங்கும். பணியாள் தட்டைக் கீழே போட்டால் நீ வெளிறிப்போவாய், அப்புறம், "கவனமா இருக்கறதுல தப்பென்ன?" என்று எங்களுக்குப் பாடம் நடத்துவாய்.

இத்தனை வருடத்தில் அதனால் நீ யாரைக் காப்பாற்றினாய்? எனக்குத் தெரிந்து ஒரே ஒரு போர்க்களம். பெட்ரோல் பங்கிலிருந்து ஒருவன் உன் வண்டி பின்னால் கத்திக்கொண்டு ஓடி வந்தான். நீ இறங்கி, கையைப் பாக்கெட்டுக்குள் விட்டு, "அங்கேயே நில்லு" என்று கர்ஜித்தாய். அந்தப் பையன் இரண்டு கையையும் தூக்கினான். ஒரு கையில் உன் பெட்ரோல் மூடி. நீ பம்பின் மேல் மறந்து வைத்துவிட்டு வந்ததைக் கொடுக்க ஓடி வந்திருக்கிறான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. நான் இந்தக் கதையை நான் வேலை பார்க்கும் பல் மருத்துவமனையில் சொல்லாத நோயாளி இல்லை. வாயைத் திறந்து வைத்திருக்கிறவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள்.

டெஸ்ஸா கேட்கவில்லை, நான் கேட்கிறேன் என்கிறாய். அப்படியானால் பந்து உருட்டி விளையாடும் பௌலிங் கூடத்தை மறந்துவிட்டாய். அவளுடைய பதின்மூன்றாம் பிறந்தநாள். எட்டுப் பெண் குழந்தைகள். நீ அரைக்கால் ஜிம் பேண்டைப் போட்டுக்கொண்டு, "அப்பா எப்படி வீசறேன் பாருங்க" என்று குனிந்தாய். பந்து போவதற்கு முன்னால் துப்பாக்கி போனது. எண்ணெய் போட்டு மெழுகின தரையில் பாதித் தூரம் வழுக்கிக்கொண்டே போய் ஓரத்துப் பள்ளத்தில் விழுந்தது. கூடத்துக்காரர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஓடி வந்தார். குழந்தைகள் நாற்காலிக்கு அடியில். அடுத்த வருடம் அவள் பிறந்தநாளுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று நினைவிருக்கிறதா? நினைவிருக்காது. நீ கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

அவள்தான் கேட்கிறாள். மறுபடி எழுது.

லவோன்

*

ஏரிக்கரை
ஏப்ரல் 7

லவோன்,

பௌலிங் கூடத்துக்கு அப்புறம் நான் உறை இல்லாமல் ஒரு நாளும் வைத்ததில்லை. வெளிப்பக்கம் சொரசொரப்பான தோல், பாக்கெட்டோடு ஒட்டிக்கொள்ளும், தலைகீழாகத் தொங்கினாலும் விழாது. தப்பிலிருந்து கற்றுக்கொண்டேன். நீ எதிலிருந்தும் எதையும் கற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. இன்னமும் வாசலில் சிமெண்ட் வாத்துக்கு மழைக்கோட்டும் தொப்பியும் தைத்துப் போட்டுக்கொண்டிருக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். ஈஸ்டருக்கு முயல் காது வைத்தாயாமே. என்னைப் பார்த்துச் சிரிக்கிற வாய்தானா அது?

விஷயத்துக்கு வருகிறேன். பிரச்சினை தீர்ந்தது. போன வியாழக்கிழமை பாதிரியாரைப் போய்ப் பார்த்தேன். சர்ச்சுக்குள் கொண்டுவர அவர் அனுமதி இருந்தால் போதும், சட்டத்தில் இடமிருக்கிறது. மனுஷர் நல்லவர். "டெல்பர்ட், பாடகர் குழுவிலேயே மூணு பேர் வச்சிருக்காங்க, உங்களைப் போய் நான் என்ன சொல்லப்போறேன்?" என்றார். ஆகவே டெஸ்ஸாவிடம் சொல்லிவிடு, எல்லாம் முறைப்படி நடக்கிறது, கவலை வேண்டாம்.

இன்னொன்று. அந்த வாடகைக் கோட்டுக் கடைக்குப் போய் அளவு கொடுத்தேன். அந்தப் பேண்டின் பாக்கெட்டைப் பார்த்தாயா? சாய்வாக வெட்டி, மூன்று விரல் ஆழம். ஒரு சீப்பு நிற்காது. கடைக்காரி, "சார், அதுல எதுவும் வைக்கறதில்ல, சும்மா அழகுக்குத்தான்" என்கிறாள். அழகுக்கு ஒரு பாக்கெட்! அடியில் துணி ஒட்டு போட்டு ஆழப்படுத்தக் கேட்டேன், வாடகைத் துணியில் கத்தரி வைக்க மாட்டார்களாம். நான் என் சொந்தக் கறுப்பு பேண்டைப் போட்டுக்கொள்கிறேன். பக்கவாட்டில் இரண்டு பெரிய பை இருக்கும், தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது.

அந்தக் கோல்பி பாக்கெட்டில் என்ன வைத்திருக்கிறான் என்று கேட்டேன். உதட்டுக்குப் பூசுகிற களிம்பு வைத்திருக்கிறானாம். என் மகளை அதை வைத்துக்கொண்டு காப்பாற்றட்டும்.

டெல்பர்ட்

*

மார்லோ
ஏப்ரல் 10

டெல்பர்ட்,

உன்னிடம் கேட்டது மகள். நீ அனுமதி வாங்கியது பாதிரியாரிடம். இந்த ஒரு வரியை இரண்டு தடவை படி. உனக்குப் புரியாது, இருந்தாலும் படி.

உன் கடிதத்தை டெஸ்ஸாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் அழவில்லை, கத்தவில்லை. தோட்டத்துக் கையுறையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சொன்னாள்:

"விடும்மா. அப்பாகிட்ட சொல்லிடு, மே ஒண்ணாம் தேதிக்குள்ள சரின்னு ஒரு வார்த்தை வரலேன்னா, நீதான் என்கூட நடக்கற. அவர் கடைசி வரிசையில உட்காரட்டும். சுவர்ல முதுகு சாஞ்சுக்கலாம், அவருக்கும் சௌகரியம்."

நான் என் உடைக்குப் பொருத்தமாகத் தட்டையான செருப்பு வாங்கிவிட்டேன், நடப்பதற்கு. உன்மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

பக்கவாட்டுப் பை வைத்த பேண்டில் என் மகள் கல்யாணத்துக்கு வந்தால் சர்ச் வாசலிலேயே கத்தரிக்கோலோடு நிற்பேன்.

லவோன்

*

ஏரிக்கரை
ஏப்ரல் 28

லவோன்,

சரி.

வீட்டில் வைத்துவிட்டு வருகிறேன். பெட்டியில் பூட்டி, சாவியைக் கொக்கியில் மாட்டிவிட்டு வருகிறேன். வாடகைப் பேண்டையே போட்டுக்கொள்கிறேன். டெஸ்ஸாவிடம் சொல். நீ ஜெயித்துவிட்டாய் என்று நினைக்காதே. உன் முகத்துக்காக நான் என் பல்லைக்கூடத் தேய்க்க மாட்டேன். இது அவளுக்காக.

கொஞ்சம் பழகிப் பார்க்கலாம் என்று செவ்வாய்க்கிழமை அது இல்லாமல் தீவனக் கடைக்குப் புறப்பட்டேன். பாதி வழியில் கடை சீக்கிரம் மூடுவார்கள் என்று நினைவு வந்தது, திரும்பிவிட்டேன். வியாழக்கிழமை மளிகைக்குப் போனேன். நிறுத்துமிடத்தில் கூட்டம் அதிகமாக இருந்தது, வீட்டில் பால் இருக்கிறது, அவசரமில்லை என்று வந்துவிட்டேன். இன்று சனிக்கிழமை, மழை. பரவாயில்லை, ஜூனுக்கு இன்னும் நாள் இருக்கிறது.

உன் தட்டைச் செருப்பைக் கடையில் திருப்பிக் கொடு.

டெல்பர்ட்

*

மார்லோ
மே 21

டெல்பர்ட்,

சனிக்கிழமை ஒத்திகைக்கு நீ வரவில்லை. பேட்டரி இறங்கிவிட்டது என்று சர்ச் அலுவலகத்தில் யாரிடமோ சொல்லி வைத்தாயாம். தெருமுனைக் கடைப் போனிலிருந்து பேசினாயா? ஒட்டுக்கேட்கிற ஆட்கள் உன் பேட்டரியைப் பற்றி நன்றாகக் குறித்துக்கொண்டிருப்பார்கள். பேட்டரி இறங்கினால் பக்கத்து டிரெய்லர் வீட்டுக்காரனிடம் கம்பி வாங்கி, அவன் பேட்டரியோடு மாட்டி வண்டியைக் கிளப்பிக்கொண்டு வர முடியாதா? ஏப்ரலில் கடை மூடுகிறது, கூட்டம், மழை. மேயில் பேட்டரி. ஜூனில் என்ன, நிலநடுக்கமா? எனக்குக் காது குத்தாதே. நீ அதைப் பிரிந்து ஒரு நாள் இருக்க மனசில்லாமல் சால்ஜாப்பு சொல்கிறாய் என்று எனக்குத் தெரியும். காதலியைக்கூட எவனும் இப்படிக் கட்டிக்கொண்டு அலைய மாட்டான்.

உன் இடத்தில் பாதிரியார் நின்று நடந்து காட்டினார். கவனித்துக்கொள்: டெஸ்ஸா உன் இடது கையைப் பிடித்திருப்பாள். உன் இடது பக்கம். மெதுவாக நடக்க வேண்டும். முன்னால் போனதும் பாதிரியார் யார் இவளைக் கொடுக்கிறார் என்று கேட்பார். நீ, "நானும் அவளுடைய அம்மாவும்" என்று சொல்லிவிட்டு, அவள் கையைக் கோல்பியிடம் கொடுத்துவிட்டு, என் வரிசைக்கு வந்து உட்கார வேண்டும். நான் ஒரு நாற்காலி தள்ளி உட்காருவேன், பயப்படாதே.

இதற்குமேல் ஒன்றும் இல்லை. கல்யாணத்தில் அப்பா செய்ய வேண்டிய வேலை அவ்வளவுதான். ஒரு ஐந்து வயதுப் பையனால் செய்ய முடியும்.

லவோன்

*

மார்லோ
ஜூன் 4

டெல்பர்ட்,

உறை, தபால்தலை, மை, எல்லாம் தண்டம் என்று தெரிந்தும் எழுதுகிறேன். எழுதாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும்.

உன்னை இத்தனை வருடம் கோமாளி என்று நினைத்தேன். கோமாளிக்காவது ஒரு மானம் இருக்கும்.

இரண்டு மணிக்கு இசை தொடங்க வேண்டும். ஆர்கன் வாசிக்கிற அம்மாள் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். இருநூறு பேரும் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். கோல்பி உன்னைத் தேடி வெளியே போனவன் திரும்பி வந்து என் காதில், "உங்க பழைய வீட்டுக்காரர் வண்டிக்குள்ள உட்கார்ந்து டயர்ல காத்து பாக்கறாராம்" என்றான். வண்டிக்குள் உட்கார்ந்து! டெஸ்ஸாவையும் காணோம். செருப்பைத் திருப்பிக் கொடுக்காமல் இருந்தது நல்லதாயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் கதவு திறந்தது. என் பெண் தேவதை மாதிரி இருந்தாள் என்று எழுத ஆசைதான். நான் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவள் கையைத்தான் பார்த்தேன். இடது பக்கம் வர வேண்டியவள் உன் வலது பக்கம் வந்தாள். ஒரு கையில் பூங்கொத்து. இன்னொரு கை உன் பேண்ட் பாக்கெட்டுக்குள்.

எனக்கு ஒரு நொடியில் புரிந்தது. மூன்று விரல் ஆழப் பாக்கெட். உறையோடு வைத்தால் பாதி வெளியே நிற்கும். இருநூறு பேர் முன்னால் அது தெரியக்கூடாது என்று, சொன்ன வார்த்தையைத் தின்றுவிட்டு நீ கொண்டுவந்த சனியனை, கல்யாணப் பெண் கையை விட்டு மறைத்துக்கொண்டு நடந்தாள். ஒரு நாள் அது இல்லாமல் வா என்று கேட்டவளையே அதற்கு உறையாக்கிவிட்டாய். பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். படம் எடுக்கிறவன் கேமராவை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தான், எடுக்கலாமா என்று. பாதிரியார் கேள்வி கேட்டு, நீ தடுமாறிப் பதில் சொல்லி, அப்புறமும் அவள் கையை உடனே வெளியே எடுக்கவில்லை. எப்படி எடுப்பாள்? எடுத்தால் தெரிந்துவிடுமே.

நீ என் வரிசைக்கு வந்து உட்கார்ந்தாய். நான் உன் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் காறித் துப்பியிருப்பேன், அதுவும் சர்ச்சில். கேக் வெட்டுவதற்கு முன்னால் நீ ஓடிவிட்டாய். உன் குற்றம் உனக்குத் தெரிந்திருக்கிறது என்று அதிலேயே தெரிகிறது.

டெஸ்ஸாவும் கோல்பியும் மலைப்பக்கம் போயிருக்கிறார்கள், பதினைந்தாம் தேதிதான் வருவார்கள். வந்ததும் அவளிடம் ஒன்று சொல்லப்போகிறேன். உன் அப்பாவுக்காக இனிமேல் எதையும் மறைக்காதே, அவர் வாசலுக்கு வந்தால் கதவைச் சாத்து, நாளைக்குக் குழந்தை பிறந்தால் காட்டாதே என்று. நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். இந்தப் பக்கம் வராதே.

லவோன்

*

ஏரிக்கரை
ஜூன் 11

லவோன்,

உன் கடிதத்தைப் படித்து விழுந்து விழுந்து சிரித்தேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். மூன்று காகிதம் வீணாயிற்று. சிரிப்பு வரவில்லை.

அது பாக்கெட்டில் இல்லை. வீட்டில் பெட்டியில் இருந்தது, சாவி கொக்கியில் இருந்தது, நான் எழுதினபடியே. பாக்கெட்டில் ஒன்றுமே இல்லை.

நான் நிறுத்துமிடத்துக்கு வந்தது பன்னிரண்டரைக்கு. எல்லோருக்கும் முன்னால். யாரும் வருவதற்குள் உள்ளே போய் உட்கார்ந்துவிடலாம் என்று திட்டம். வண்டியை அணைத்தேன். கை பாக்கெட்டுக்குப் போனது. வெறும் துணி. மறுபடி போனது. வெறும் துணி. கதவைத் திறக்கக் கை வரவில்லை, லவோன். சும்மா சொல்லவில்லை, வரவே இல்லை. கார்கள் வந்தன. உன் அக்கா மகன்கள் கோட்டு போட்டுக்கொண்டு இறங்கினார்கள். ஒவ்வொரு கார் கதவு சாத்துகிற சத்தத்துக்கும் பின் கண்ணாடியைப் பார்த்தேன். காலர் நனைந்துவிட்டது. தீவனக் கடையும் இப்படித்தான் ஆயிற்று. மளிகைக் கடையும். ஒத்திகையன்று பேட்டரி நன்றாகத்தான் இருந்தது.

கோல்பி வந்து கண்ணாடியைத் தட்டினான். இரண்டு விரல் அளவு இறக்கி, டயரில் காற்று பார்க்கிறேன் என்றேன். அந்தப் பையன் டயரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், "சரிங்க சார், மெதுவா வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். உனக்கு அவன் வந்து சொன்னதை நீ ஜோக்காக எடுத்துக்கொண்டாய். அவனுக்கு ஏதோ புரிந்திருக்கிறது. வெறும் செடிக்காரன் என்று இனிமேல் நினைக்க மாட்டேன்.

அப்புறம் டெஸ்ஸா வந்தாள். அந்த உடையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, ஜல்லியில் குதிகால் செருப்போடு. சிப்ஸ் அட்டைப்பெட்டியைத் தள்ளிவிட்டு என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

"கொண்டு வந்திருக்கியா?"

"இல்ல."

"அப்பா."

பாக்கெட்டை வெளியே இழுத்துக் காட்டினேன். அவள் அதைப் பார்த்தாள்.

"அப்புறம் என்ன? இறங்கு."

"முடியலம்மா."

"ஏன் முடியல?"

"பயமா இருக்கு."

அவ்வளவுதான் சொன்னேன். அந்த வார்த்தையை என் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. எதைப் பார்த்துப் பயம் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்குத் தெரியாது. யாரும் என்னை அடித்ததில்லை, கொள்ளையடித்ததில்லை, அது உனக்கே தெரியும், அதை வைத்துத்தானே ஊரைச் சிரிக்கவைத்தாய். காரணம் கிடையாது. கதவு திறந்தால் பயம். பின்னால் யாராவது நடந்தால் பயம். அது பாக்கெட்டில் இருந்தால் இதெல்லாம் ஜாக்கிரதை. இல்லாவிட்டால் வெறும் பயம்.

"எவ்ளோ நாளா இப்படி?"

"நீ பொறக்கறதுக்கு முன்னாடியிருந்தே."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. சொல்லிடாத. சிரிப்பா."

அவள் கண்ணாடி வழியாக சர்ச்சைப் பார்த்தாள். உள்ளே ஆர்கன் அதே பாட்டை மூன்றாம் தடவை தொடங்கிற்று. இவள் இறங்கிப் போய்விடுவாள், உன் கையைப் பிடித்துக்கொள்வாள், எனக்குக் கடைசி வரிசைதான் என்று நினைத்துக்கொண்டேன். அவள் இறங்கிச் சுற்றி வந்து என் பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

"எந்தப் பாக்கெட்ல வச்சுப்ப?"

"வலது."

"சரி, நான் அந்தப் பக்கம் வரேன்."

கையைப் பாக்கெட்டுக்குள் விட்டாள். மூன்று விரல் ஆழம்தான், விரல்களை மடக்கி அழுத்தி வைத்துக்கொண்டாள்.

"இப்ப கனமா இருக்கா?"

"இருக்கு."

"அப்ப வா. நடுவுல உனக்குப் பயம் வந்தா சொல்லு, இன்னும் கொஞ்சம் அழுத்தறேன்."

இடது பக்கம் என்று நீ எழுதியதை மறக்கவில்லை. பின் வரிசையில் சிரித்தது எனக்கும் கேட்டது. அவளுக்கும் கேட்டது. அவள் இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். பாதிரியார் கேட்டபோது பதில் சொல்லிவிட்டேன், அப்புறமும் அவள் கையை எடுக்கவில்லை என்கிறாயே, அவள் எடுக்கத்தான் பார்த்தாள். நான்தான் வெளியிலிருந்து என் கையால் அழுத்திப் பிடித்திருந்தேன். கேக்குக்கு முன்னால் ஏன் ஓடினேன் என்றால், கை கோல்பியிடம் போய்விட்டது, பாக்கெட் காலி, இதற்குமேல் ஒரு நிமிடம் என்னால் அங்கே இருக்க முடியவில்லை.

இதையும் சொல்லிவிடுகிறேன், நீயாகக் கண்டுபிடிக்க வேண்டாம். மறுநாள் காலையில் பெட்டியைத் திறந்து அதை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். இப்போதும் இருக்கிறது. நான் திருந்தினவன் இல்லை.

என்னைப் பற்றி எதை வேண்டுமானாலும் சொல். அப்பாவின் பொய்யை நீ மறைத்தாய் என்று மட்டும் டெஸ்ஸாவிடம் சொல்லாதே. அவள் குழந்தையை எனக்குக் காட்ட வேண்டாம் என்றும் சொல்லாதே. இந்த ஒன்றைக் கேட்கத்தான் இவ்வளவையும் எழுதினேன்.

டெல்பர்ட்

*

மார்லோ
ஜூன் 16

டெல்பர்ட்,

டெஸ்ஸா நேற்று வந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. படங்களைக் கொண்டுவந்து காட்டினாள். கேமராக்காரன் கடைசியில் எடுத்துத்தான் இருக்கிறான். நீங்கள் இரண்டு பேரும் நடக்கிற படத்தை அவள் பெரிதாக்கிச் சட்டம் போட்டு வைக்கப் போகிறாளாம். "ஏன் இது?" என்று கேட்டேன். "இதுலதான் அப்பா அங்கயும் இங்கயும் பாக்கல, நேரா பாக்கறார்" என்றாள். அதற்குமேல் அவளும் சொல்லவில்லை. உன் ரகசியத்தை அவள் நன்றாகத்தான் காப்பாற்றுகிறாள்.

குழந்தை என்று ஒன்று பிறந்தால், பார்க்க வருவது உனக்கும் அவளுக்கும் நடுவில். நான் குறுக்கே வர மாட்டேன். நீ அந்தத் துப்பாக்கியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வந்தால் மட்டும் வாசலில் நான் இருப்பேன். அதில் மாற்றம் இல்லை. பயமாக இருந்தால் வண்டியிலேயே உட்கார்ந்திரு, யாராவது வந்து கூட்டிப் போவோம்.

உன்னை அலட்டல்காரன் என்று நினைத்தேன். அலட்டல்காரனை வெறுப்பது சுலபம், எனக்கு அது நன்றாக வந்தது. இருபத்துநாலு வருடம் ஒரே கட்டிலில் படுத்தவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா, முட்டாளே? சொல்லியிருந்தாலும் உன்னை வீட்டைவிட்டு அனுப்பித்தான் இருப்பேன். உன்னோடு வாழ முடியாது. ஆனால் சிரித்திருக்க மாட்டேன்.

லவோன்